படித்த பள்ளிக்கு ஒரு நிலைநிதி

பச்சையப்ப முதலியார் 1794-இல் காலமானபோது அவருக்கு வயது 40. பெரியபாளையத்தில் எளிய குடும்பத்தில் பிறந்து, சென்னையில் துபாஷியாக (ஆங்கிலேயருக்கு மொழிபெயர்ப்பாளரும் தரகருமாக) இருந்து பெரும் பொருள் சேர்த்தவர். இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்பு, சொத்தை அறப்பணிகளுக்கு உயிலாக எழுதிவைத்தார். அந்தப் பணத்திலிருந்து சென்னையில் ஒரு பள்ளி எழும்பியது 1842-இல். இடையில் 48 ஆண்டுகள் போய்விட்டன. சொத்து வழக்கிலும் தகராறிலும் சிக்கிக் கிடந்தது. அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் போன்றவர்கள் தலையிட்டு, நீதிமன்றம் ஒரு திட்டம் வகுத்து, கோயில் கட்டளைகளுக்குப் போக மிஞ்சியதைக் கல்விக்கு ஒதுக்கிய பிறகுதான் பச்சையப்பன் பள்ளியும், பிற்பாடு கல்லூரியும் உருவாயின. கொடுக்க மனம் இருந்தது, பணம் இருந்தது, எழுத்தும் இருந்தது. எழுதியதை முடித்து வைக்க உறுதியான ஏற்பாடு மட்டும் இல்லை.

தாம் படித்த பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கும் எல்லோரும் இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். இன்று நம் ஊர்களில் அந்த நினைப்புக்குக் குறைவே இல்லை. எந்த அரசுப் பள்ளியை எடுத்தாலும் 1990-ஆம் ஆண்டு பேட்ச், 2001-ஆம் ஆண்டு பேட்ச் என்று வாட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றன. வெள்ளி விழா ஆண்டில் கூடுகிறார்கள், ஆசிரியர்களுக்குச் சால்வை போர்த்துகிறார்கள், பள்ளிக்கு ஒரு பீரோவோ ஒலிபெருக்கியோ குடிநீர் சுத்திகரிப்புக் கருவியோ வாங்கித் தருகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் சுத்திகரிப்புக் கருவிக்கு வடிகட்டி மாற்றப் பணம் ஒதுக்காததால், சில ஆண்டுகளில் அது ஓரமாக நிற்கும். பேட்ச் அடுத்துக் கூடப் பத்து ஆண்டுகள் ஆகும்.

திட்டமிட்ட கொடை இதிலிருந்து வேறுபட்டது. எவ்வளவு கொடுக்கிறோம், எதற்காக, பணம் யார் கையில் இருக்கும், நாம் இல்லாத காலத்தில் அதை யார் பார்ப்பார்கள் என்பவற்றை முன்கூட்டியே முடிவு செய்து எழுத்தில் வைப்பதுதான் அது. பணக்காரர்களுக்கு மட்டுமே உரியது என்று எண்ண வேண்டாம். சென்னை ஐ.ஐ.டி.யின் முன்னாள் மாணவர் கிருஷ்ணா சிவுகுலா 2024-இல் தம் கல்வி நிறுவனத்துக்கு 228 கோடி ரூபாய் கொடுத்தார். நந்தன் நிலேகனி 2023-இல் மும்பை ஐ.ஐ.டி.க்கு 315 கோடி கொடுத்தார். செய்தியில் வருவது இவைதான். இத்தகைய நிறுவனங்களில் கொடை வாங்குவதற்கென்றே அலுவலகம் உண்டு, கணக்காளர் உண்டு, ஆண்டறிக்கை உண்டு. நம் ஊர் மேல்நிலைப் பள்ளியில் இவை எதுவும் கிடையாது. அதனால் அங்கே கொடுப்பவர்தான் கூடுதலாக யோசிக்க வேண்டியிருக்கிறது.

முதலில், எதற்குக் கொடுப்பது? இதைக் கொடுப்பவர் தன் விருப்பப்படி முடிவு செய்வதில்தான் பெரும்பாலான பணம் வீணாகிறது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளி மாணவருக்கு அரசு ஏற்கெனவே நிறையத் தருகிறது. பாடநூல், சீருடை, மிதிவண்டி, மதிய உணவு, தொடக்கப் பள்ளிகளில் 2022 முதல் காலை உணவு எல்லாம் கிடைக்கின்றன. உயர்கல்விக்குப் போகும் மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்வோரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. ஆகவே நோட்டும் பையும் வாங்கித் தருவதைவிட, அரசின் கை எட்டாத இடுக்குகளைத் தேடிப் பார்ப்பதே நல்லது.

அந்த இடுக்குகள் எவை என்று தலைமையாசிரியரிடமும் பன்னிரண்டாம் வகுப்பு ஆசிரியர்களிடமும் கேட்டால் சொல்வார்கள். கழிவறையைத் தினமும் சுத்தம் செய்ய ஒருவருக்குச் சம்பளம். ஆய்வகத்துக்கு ஆண்டுதோறும் தீர்ந்துபோகும் வேதிப்பொருட்கள். மாவட்ட விளையாட்டுப் போட்டிக்குப் போகும் குழுவுக்கு வேன் வாடகையும் சாப்பாடும். பிளஸ் டூ முடித்த பிள்ளை நான்கைந்து கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் கட்டணம், கலந்தாய்வுக்குப் போய்வரும் செலவு, கல்லூரி விடுதியில் சேர முதல் மாதம் கட்ட வேண்டிய முன்பணம். உதவித்தொகை பிறகு வரும் என்றாலும், அது வருவதற்கு முந்தைய இரண்டு மாதங்களைத் தாண்ட முடியாமல் எத்தனையோ பிள்ளைகள் வேலைக்குப் போய்விடுகிறார்கள். 5,000 ரூபாய் அந்த நேரத்தில் ஒரு பட்டப்படிப்பைக் காப்பாற்றிவிடும். என்னைக் கேட்டால், ஒரு பேட்ச் ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்ய வேண்டும் என்பேன்.

இந்தத் தேவைகள் எல்லாம் ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வருபவை. அவற்றுக்கு ஒருமுறை கொடுக்கும் பொருள் உதவாது, ஆண்டுதோறும் வரும் வருமானம்தான் உதவும். அதற்காக ஏற்பட்டதுதான் நிலைநிதி. முதலைத் தொடாமல் வங்கியில் வைத்து வட்டியை மட்டும் செலவிடுவது. பழைய பள்ளிகளில் தமிழில் முதல் மதிப்பெண் வாங்குபவருக்கு இன்னார் நினைவுப் பரிசு என்று ஒன்று இருக்குமே, அது இந்த வகைதான்.

அந்தப் பரிசுகளின் கதியையும் பார்க்க வேண்டும். அரை நூற்றாண்டுக்கு முன்பு 1,000 ரூபாய் போட்டு ஏற்படுத்திய பரிசின் வட்டி அன்று ஓர் ஏழைப் பிள்ளையின் ஆண்டுச் செலவில் கணிசமான பகுதிக்கு ஆகியிருக்கும். இன்று அதில் ஒரு நல்ல பேனாகூட வராது. விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டுகளில் பணத்தின் மதிப்பு பாதியாகிவிடும். ஆகவே வட்டி முழுவதையும் செலவிடும் நிலைநிதி மெல்ல மெல்லச் செத்துக்கொண்டிருக்கும் நிதி.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். 50 பேர் கொண்ட ஒரு பேட்ச் ஆளுக்குப் பத்தாயிரம் போட்டால் 5 லட்சம். 7 சதவீத வட்டியில் ஆண்டுக்கு 35,000 ரூபாய். வருமான வரித் துறையில் பதிவு பெற்ற அறக்கட்டளை தன் ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை நோக்கத்துக்காகச் செலவிட வேண்டும். 15 சதவீதத்தைத் தனியாக எடுத்துவைக்கலாம். அதன்படி 5,250 ரூபாயை முதலோடு சேர்த்துவிட்டு 29,750-ஐச் செலவிடலாம். மேலே சொன்ன முன்பண உதவி என்றால் ஆறு பிள்ளைகளுக்கு ஏறத்தாழ ஐயாயிரம் வீதம். 15 சதவீதம் மட்டும் விலைவாசியை ஈடுகட்டாது. அதனால் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பேட்ச்காரர்கள் மீண்டும் கொஞ்சம் போட்டு முதலை உயர்த்துவது என்று தொடக்கத்திலேயே தீர்மானம் எழுதிக்கொள்வது நல்லது. நல்ல சம்பளத்தில் இருப்பவர் மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி உத்தரவு கொடுத்துவிட்டால், ஆண்டுக்கு 6,000 ரூபாய் யாரும் நினைவூட்டாமலே வந்து சேரும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. கொடுக்கும் பணம் முதலாகவே இருக்க வேண்டும் என்றால் அதை எழுத்தில் சொல்ல வேண்டும். "இத்தொகை அறக்கட்டளையின் மூலநிதியில் சேர்க்கப்பட வேண்டும், வட்டி மட்டும் இன்ன காரியத்துக்குச் செலவிடப்பட வேண்டும்" என்று ஒரு கடிதம் இணைத்தால் போதும். அப்படிச் சொல்லாத பணத்தைச் சட்டம் பொதுவாக அந்த ஆண்டின் வருமானமாகவே பார்க்கும்.

அடுத்த கேள்விதான் கடினமானது. பணம் யார் பெயரில் இருப்பது? தலைமையாசிரியர் கையில் ரொக்கமாகக் கொடுப்பதைத் தவிர்க்க வேண்டும். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் மூன்று ஆண்டுகளில் மாறுதலாகிப் போகக்கூடும். பின்னால் வருபவருக்கு அந்தப் பணத்தின் கதை தெரியாது. நண்பர்களில் ஒருவரின் தனிப்பட்ட கணக்கில் போடுவதும் ஆபத்து. அவர் திடீரென்று இறந்துவிட்டால் சட்டப்படி அது அவருடைய வாரிசுகளின் பணம்.

அரசுப் பள்ளி என்றால், தமிழக அரசே 2022 டிசம்பர் 19-இல் தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி" திட்டம் ஒரு வழி. தொடங்கியபோது தொழிலதிபர் வேணு சீனிவாசன் இதன் தலைவராகவும், சதுரங்க வீரர் விசுவநாதன் ஆனந்த் நல்லெண்ணத் தூதராகவும் அறிவிக்கப்பட்டார்கள். இணையதளத்தில் நம் பள்ளியைத் தேர்ந்தெடுத்து, அங்கே பட்டியலிட்டிருக்கும் தேவைக்குப் பணம் செலுத்தலாம். வகுப்பறை கட்டுவது, சுற்றுச்சுவர் எழுப்புவது போன்றவற்றுக்கு இப்படிப் போவதே சரி. அரசு நிலத்தில் நாமாகக் கட்டடம் எழுப்பிவிட முடியாது. அனுமதியும் பொறியாளர் மதிப்பீடும் வேண்டும். உள்ளாட்சிப் பள்ளிகளின் கட்டடப் பணிகளுக்கு நமக்கு நாமே திட்டமும் இருக்கிறது. மக்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு கொடுத்தால் மீதியை அரசு போடும். நம் ஒரு ரூபாய் மூன்று ரூபாய் வேலையாகிறது.

ஊரார் பணத்தில் பள்ளி வளர்வது தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. காமராசர் ஆட்சியில் பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு 1950களின் இறுதியில் ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். பள்ளிக்கு என்னென்ன வேண்டும் என்று முதலில் பட்டியல் போட்டார்கள், பிறகு மாநாடு கூட்டினார்கள், ஊரார் ஆளுக்கொன்றாக ஏற்றுக்கொண்டார்கள். தேவைப் பட்டியல் முதலில், கொடை பிறகு என்ற அந்த வரிசைதான் முக்கியம். இன்று அந்தப் பட்டியலைப் போடும் பொறுப்பு பள்ளி மேலாண்மைக் குழுவினுடையது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள குழு அது. 2024-இல் தமிழ்நாட்டில் அதை மறுகட்டமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்தார்கள். உள்ளூரிலேயே தங்கிவிட்ட பேட்ச்காரர் ஒருவர் அந்தக் குழுவில் உட்கார்ந்திருந்தால், வெளியூரில் இருப்பவர்களின் பணம் எங்கே போகிறது என்ற கவலை பாதி தீரும்.

நிலைநிதிக்கு மட்டும் தனி அமைப்பு வேண்டும். முன்னாள் மாணவர் சங்கத்தை 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவு செய்யலாம்; குறைந்தது ஏழு பேர் வேண்டும். அல்லது பொது அறக்கட்டளை ஏற்படுத்தி, அதன் ஆவணத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம். சங்கத்தில் உறுப்பினர்கள் கூடி நிர்வாகிகளைத் தேர்ந்தெடுப்பார்கள், மாவட்டப் பதிவாளருக்கு ஆண்டுக் கணக்கு அனுப்ப வேண்டும். அறக்கட்டளையில் அறங்காவலர்கள் சில பேர் இருப்பார்கள்; நடத்துவது எளிது, ஆனால் அவர்கள் தூங்கிவிட்டால் எழுப்ப ஆள் இல்லை. என் கருத்தில், பல பேட்ச்களும் சேர்ந்து ஒரே சங்கமாக இருப்பதுதான் நீடிக்கும். 1985 பேட்ச்சுக்கு வயதானாலும் 2015 பேட்ச் தொடரும். பேட்ச்சுக்கு ஒரு டிரஸ்ட் என்று தொடங்குபவை, தொடங்கியவர்களின் முழங்கால் வலியோடு முடிந்துபோகின்றன.

எந்த அமைப்பானாலும் சில வரிகள் ஆவணத்தில் கட்டாயம் இருக்கட்டும். வங்கிக் கணக்கை இருவர் சேர்ந்துதான் இயக்க வேண்டும். ஆண்டுதோறும் வரவு செலவைப் பள்ளி ஆண்டு விழாவில் படிக்க வேண்டும். அறங்காவலர் ஒருவர் விலகினால் அடுத்தவரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று எழுதியிருக்க வேண்டும். மாணவர் குறைந்து பள்ளி மூடப்பட்டாலோ வேறொன்றோடு இணைக்கப்பட்டாலோ பணம் எங்கே போக வேண்டும் என்பதும் இருக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதை யாரும் எழுதுவதில்லை. நம் பள்ளி மூடப்படும் என்று நினைக்கவே மனம் ஒப்பாது. ஆனால் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது. "அப்போது அதே ஒன்றியத்திலுள்ள வேறு அரசுப் பள்ளிக்கு" என்று ஒரு வரி எழுதினால் வழக்கு மிச்சம்.

நிதியை வைத்திருப்பவர்களும் பள்ளியை நடத்துபவர்களும் வேறு வேறு ஆட்களாக இருப்பதில் நன்மையும் உண்டு, சிக்கலும் உண்டு. யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டையில் 1823-இல் அமெரிக்க மிஷனரிகள் தொடங்கிய செமினரியின் வழிவந்தது யாழ்ப்பாணக் கல்லூரி. அதற்கான நிலைநிதி அமெரிக்காவின் பாஸ்டனில் அறங்காவலர்களிடம் இருந்துவருகிறது. போர்க்காலத்தையும் தாண்டி அந்த முதல் அழியாமல் இருந்ததற்கு அதுவே காரணம். ஆனால் 2010களில் கல்லூரி நிர்வாகம் பற்றிக் கருத்து வேறுபாடு எழுந்தபோது, அறங்காவலர்கள் நிதியை நிறுத்திவைக்கும் அளவுக்கு அது போனது. எந்த நிலையில் பணம் தரப்படும், எந்த நிலையில் நிறுத்தப்படும், தகராறு வந்தால் யார் தீர்ப்பது என்று முன்பே பேசிக்கொள்ள வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் வேண்டாம்.

வரி பற்றிச் சுருக்கமாக. நன்கொடைக்கு வரிக்கழிவு தரும் 80ஜி பதிவு பெற்ற அறக்கட்டளைக்குக் கொடுத்தால், பொதுவாகக் கொடுத்ததில் பாதியை வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிக்கலாம். கழிவுக்கு எடுத்துக்கொள்ளும் நன்கொடைக்கு, வருமானத்தில் 10 சதவீதம் என்ற உச்சவரம்பு உண்டு. ஒரு லட்சம் கொடுத்தவர் 30 சதவீத வரி கட்டுபவராக இருந்தால் 15,000 ரூபாயும் அதற்கான செஸ்ஸும் மிச்சமாகும். ஆனால் இது பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான். புதிய வரி முறையில் இருப்பவருக்கு இந்தக் கழிவு கிடையாது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தாலும் கிடையாது. பெஞ்சு, கணினி என்று பொருளாகக் கொடுத்தாலும் கிடையாது. அறக்கட்டளை உரிய படிவத்தில் நன்கொடைச் சான்றிதழ் தர வேண்டும். அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 2026 ஏப்ரல் 1 முதலான புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு. ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

வெளிநாட்டில் இருப்பவர்கள் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். இந்தியக் குடியுரிமையோடு சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்ப்பவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி மூலம் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்க, பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால், அவரிடம் ஓ.சி.ஐ. (வெளிநாடுவாழ் இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். அதைப் பெறும் அமைப்புக்கு எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) அனுமதி வேண்டும்; பணம் டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளையில் திறந்த கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். சின்னச் சங்கங்களிடம் இந்த அனுமதி இருக்காது. நண்பன் கணக்குக்கு அனுப்பி அங்கிருந்து கொடுக்கச் சொல்வது, அந்த நண்பனைச் சட்டச் சிக்கலில் மாட்டிவிடும்.

நிலம் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். மதுரை மாவட்டம் கொடிக்குளத்தில் வங்கி ஊழியரான ஆயி பூரணம் அம்மாள், இறந்துபோன தன் மகளின் நினைவாக, நடுநிலைப் பள்ளியைத் தரம் உயர்த்துவதற்காக ஒன்றரை ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை 2024 ஜனவரியில் பள்ளிக் கல்வித் துறைக்குத் தானமாக எழுதிக்கொடுத்தார். அந்த ஆண்டு குடியரசு நாள் விழாவில் அரசு அவருக்குச் சிறப்பு விருது தந்தது. தானப் பத்திரம் பதிந்து ஒப்படைத்துவிட்டால் திரும்ப வாங்க முடியாது. வில்லங்கச் சான்று, பட்டா இரண்டும் தெளிவாக இருந்தால்தான் துறையும் ஏற்கும்.

உயிருள்ளவரை சேமிப்பைக் கையில் வைத்திருக்க வேண்டிய நிலையில் இருப்பவருக்கு உயில்தான் நல்ல வழி. ஓய்வூதியம் இல்லாதவர், மருத்துவச் செலவை நினைத்துப் பயப்படுபவர் இப்போது ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. உயிலை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், ரத்து செய்யலாம். முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத் தாளில் எழுதி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, அவர்களும் கையெழுத்திட்டால் செல்லும். பதிவு கட்டாயமில்லை என்றாலும் பதிந்துவிட்டால் பின்னால் வாக்குவாதம் குறையும். அறக்கட்டளையின் நிர்வாகிகளைச் சாட்சியாகப் போடாமல் இருப்பது நல்லது.

இத்தனை ரூபாய் என்று எழுதுவதைவிட "என் வங்கி வைப்புகளில் 5 சதவீதம்" என்று பங்காக எழுதலாம். கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரிச் செலவில் சேமிப்பு கரைந்துபோனால், பள்ளிக்குப் போவதும் அதே அளவில் குறையும். மனைவி மக்களின் பங்கை அது விழுங்காது. பலர் நாமினி போட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். வங்கி வைப்பில் நாமினி என்பவர் பணத்தை வாங்கி உரியவர்களுக்குக் கொடுக்கும் பொறுப்பில் இருப்பவர், உரிமையாளர் அல்ல. ஆகவே பள்ளிக்கான பங்கு உயிலில்தான் இருக்க வேண்டும். இஸ்லாமியத் தனிச்சட்டப்படி, வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலாக எழுத முடியாது. கிறிஸ்தவர்களுக்கு நெருங்கிய உறவினர் இருந்தால் அறப்பணிக்கு எழுதும் உயிலில் முன்பு கடுமையான நிபந்தனைகள் இருந்தன. 2003-இல் உச்ச நீதிமன்றம் ஜான் வள்ளமட்டம் வழக்கில் அந்தப் பிரிவைச் செல்லாததாக்கிவிட்டது.

உயிலை நிறைவேற்றுபவராக உங்களைவிட வயது குறைந்த, நீங்கள் நம்பும் ஒருவரை நியமியுங்கள். பெற வேண்டிய அறக்கட்டளையின் முழுப் பெயரையும் பதிவு எண்ணையும் எழுதுங்கள். "நான் படித்த பள்ளிக்கு" என்று மொட்டையாக எழுதினால், எந்தப் பள்ளி, யார் கையில் கொடுப்பது என்ற கேள்வியிலேயே ஆண்டுகள் ஓடிவிடும். நம்மில் பலர் மூன்று பள்ளிகளில் படித்திருக்கிறோம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் சொல்லிவிடுங்கள். அப்பா படித்த பள்ளிக்கு ஏன் எழுதிவைத்தார் என்று பிள்ளைகளுக்கு அவர் வாயாலேயே தெரிந்திருந்தால், அவர்கள் வழக்குப் போடும் வாய்ப்பு குறைவு. சில வீடுகளில் பிள்ளைகளே இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடுப்பதும் உண்டு. உயிலின் ஒரு பிரதி வீட்டில் இருக்கட்டும், ஒன்று நிறைவேற்றுபவரிடம் இருக்கட்டும். ஐம்பது வயதைக் கடந்தவர்கள் இதைத் தள்ளிப்போட வேண்டாம். இந்த மாதமே ஒரு வழக்கறிஞரைப் பார்த்து எழுதிவிடுங்கள்.